அம்மன் லாரியின் பேட்டரிப் பெட்டி

போன மாதம் சேதராப்பட்டிலிருந்து பிரகாஷ் போன் செய்தான். நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் வாகன ஷெட்டில் இப்போது அவன்தான் எலெக்ட்ரிகல் பொறுப்பு. கம்பெனி புதிதாக மின்சார சரக்கு வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறது.

“மணிண்ணே, வண்டி வந்து நிக்குது. பேட்டரி எங்கன்னே தெரியலண்ணே. முன்னாடி தொறந்தா துணி வைக்கிற மாதிரி ஒரு குழி. பின்னாடி தொறந்தா ஒண்ணுமில்ல.”

“அடியில படுத்துப் பாரு. வண்டியே பேட்டரி மேலதான் நிக்கும்.”

சிறிது நேரம் கழித்து மறுபடியும் போன் வந்தது. “ஆமாண்ணே. பாய் போட்ட மாதிரி கெடக்குது. இத எங்க வைக்கிறதுன்னு யாரும் நம்மள கேக்கவே இல்லையே.”

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் என் வேலைக்காலத்தில் பாதி அந்தக் கேள்வியில்தான் போயிற்று. அதை எழுதித் தாருங்கள் என்று ஷெட்டில் உள்ளவர்கள் கேட்டார்கள். தினமும் மாலையில் அன்றைய வேலையை எழுதி வைத்துவிட்டுத்தான் படுப்பேன் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் இதையும் ஒழுங்காக எழுதுவேன் என்று நம்புகிறார்கள்.

ஐ.டி.ஐ. முடித்து, நகரத்தில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரிகல் கடையில் சில வருஷம் இருந்துவிட்டு, தொழிற்சாலைக்கு வந்தேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரையும் போல ஷாக் அடித்து, ஆசிட் பட்டுச் சட்டை ஓட்டையாகிக் கற்றுக்கொண்டேன். வேலை என்றால் என்ன என்பது வாகன ஷெட்டின் சூப்பர்வைசர் இலியாஸ் பாயிடம் வந்த பிறகுதான் தெரிந்தது.

பாய் உயரமானவர், ஒல்லி. நகரத்தில் முஸ்லிம் தெருக்கள் பக்கம் வீடு. அப்பா பூட்டு, டிரங்குப் பெட்டி செய்தவர். பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு வருவார், வெள்ளைச் சட்டையோடே வீட்டுக்குப் போவார். நடுவில் என்ன வேலை செய்தாலும் அதில் கறை இருக்காது. குரலை உயர்த்த மாட்டார். யாராவது அவசரப்பட்டு ஸ்பேனரை எடுத்தால், “வை” என்பார். ஸ்பேனர் தானாகக் கீழே போய்விடும்.

பழுது என்று ஒரு வண்டி வந்தால் பாய் முதலில் பானெட்டைத் திறக்க மாட்டார். டிரைவரை உட்காரவைத்து, வண்டி காலையிலிருந்து எங்கெங்கே போனது, எங்கே நின்றது, யார் ஏறினார்கள், என்ன ஏற்றினார்கள் என்று கதை கேட்பார். டிரைவர்கள் சலித்துக்கொள்வார்கள். “பாய், வண்டிய பாக்கச் சொன்னா என்னைப் பாக்கறீங்களே” என்பார்கள். பாய் அடுத்த கேள்விக்குப் போவார்.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. செத்துப்போன பேட்டரி ஒன்றின் உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, கழுவி, உண்மையான பேட்டரி இருக்கும் எடைக்கு மணல் நிரப்பி மூடியிருந்தார். டெர்மினல் இருந்த இடத்தில் இரண்டு மரக்கட்டைகள். மண் பேட்டரி என்று பெயர். ஒரு பழைய வண்டிக்கு பேட்டரி இடம் மாற்ற வேண்டும் என்றால், உடனே வெல்டிங் வைக்க விடமாட்டார். எந்த இடம் என்று தோன்றுகிறதோ அங்கே மண் பேட்டரியைக் கயிற்றால் கட்டி, சில நாள் வண்டியை ஓட்டச் சொல்வார். கேபிளுக்குப் பதிலாக ஸ்டார்ட்டரிலிருந்து அங்கே வரை சணல் கயிறு ஒன்றை ஓட்டுவார். கயிறு எங்கே உரசுகிறது, எங்கே சூட்டில் கருகுகிறது என்று பார்ப்பார். வண்டி திரும்பி வந்ததும் மரக்கட்டைகளில் என்ன கீறல் விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். அதன் பிறகுதான் முடிவு.

இது எனக்கு வெறும் பிடிவாதமாகத் தெரிந்த காலம் உண்டு. டிரைவர் சீட்டுக்கு அடியில் பேட்டரி இருந்த ஒரு வேனை அவர் பார்த்த நாளோடு அந்த எண்ணம் போனது. வெளியே யாரோ மாற்றிக்கொடுத்த வேலை அது. ஒல்லியான டிரைவர் ஓட்டியபோது ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் அவர் லீவில் போக, நல்ல உடம்புள்ள இன்னொரு டிரைவர் ரவி ஏறி உட்கார்ந்தான். முதல் பள்ளத்தில் சீட் ஸ்பிரிங் கீழே அமுங்கி இரண்டு டெர்மினலையும் ஒன்றாகத் தொட்டது. புகை வந்தது. ரவி குதித்து ஓடிவந்து ஷெட்டு வாசலில் நின்றான். பின்பக்கம் பேண்ட் கருகியிருந்தது.

“டேய், எவ்ளோ நாளா சொல்றேன் சாப்பாட்ட கொற கொறன்னு. பேட்டரிக்கே பொறுக்கல பாரு” என்று எல்லோரும் சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. “சீட்டு யாருக்குன்னு கேக்காம வச்சிருக்கானுங்க” என்றார். அவ்வளவுதான். பேட்டரிக்கு இடம் பார்ப்பது என்றால் பேட்டரியைச் சுற்றி இருக்கும் மனிதர்களைப் பார்ப்பது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

இனி ஏழுமலையின் லாரி.

ஏழுமலை எங்கள் தொழிற்சாலையில் டிரைவர். தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமம். விவசாயக் குடும்பம், கரும்பும் மணிலாக்கொட்டையும் போட்டவர்கள். அவருடைய தாத்தா நகரத்தில் ஒரு சொல்தா வீட்டிலிருந்து, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒருவரிடமிருந்து, ஒரு மூக்கு வைத்த லாரியை வாங்கியிருந்தார். உருண்டையான மட்கார்டு, இரண்டு பக்கமும் ஏறுபடி, மரப்பலகைத் தளம். வருஷத்தில் பெரும்பாலும் அது மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் கீற்றுக்கு அடியில் நிற்கும். மாசி மகத்துக்கு மட்டும் வெளியே வரும். அவர்கள் தெரு அம்மன் அந்த லாரியில்தான் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகும். தாத்தா ஓட்டினார், அப்பா ஓட்டினார், இப்போது ஏழுமலை. வண்டியை ஓட்டுகிறவருக்கு அன்று தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். அந்தக் குடும்பத்துக்கு ஊரில் இருக்கும் மரியாதை அது.

நான் சொல்லும் வருஷத்துக்கு முந்தைய மாசி மகத்தில் லாரி கடற்கரையில் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. அதற்கு முந்தைய வருஷமும் தள்ளித்தான் எடுத்தார்கள். மணலில் தள்ளவும் முடியவில்லை. ஊர் ஊராக வந்த சாமிகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, ஏழுமலையின் பங்காளி கோதண்டம் தன் டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டி அம்மனோடு லாரியை இழுத்துப் போனார். கோதண்டம் ஏழுமலைக்குச் சித்தப்பா மகன். இரண்டு குடும்பமும் வரப்புத் தகராறில் பேச்சு குறைந்தவர்கள்.

அதன் பிறகு தெருவில் கூட்டம் போட்டார்கள். இன்னும் ஒரு வருஷம் லாரி. அப்போதும் நின்றால், அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து அம்மன் டிராக்டர் டிரெய்லரில்தான் என்று பேசி முடித்தார்கள்.

ஏழுமலை பாயிடம் வந்து இதைச் சொன்னபோது நின்றபடியே சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“நாலு பேருகிட்ட காட்டிட்டேன் பாய். பேட்டரி மாத்தினேன், டைனமோ கட்டினேன், செல்ஃப் மோட்டாரையும் பிரிச்சு மாட்டியாச்சு. மத்த நாள்ல நல்லா எடுக்குது. அன்னிக்கு மட்டும் காலை வாருது. கோதண்டம் இன்னா சொல்றான் தெரியுமா? அம்மாவுக்கே உன் வண்டி புடிக்கலன்றான்.”

“அம்மாவுக்குப் புடிக்கலன்னா கடலுக்குப் போறப்பவே நின்னிருக்கும். போறப்ப எடுக்குதுல்ல?”

“போறப்ப ராஜா மாதிரி போவுது.”

“அப்ப உக்காரு. அன்னிக்கு காலையிலேர்ந்து வண்டிக்கு இன்னா இன்னா நடக்குது, ஒண்ணு விடாம சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை பாயும் நானும் ஏழுமலையின் ஊருக்குப் போனோம். லாரியின் இடது பக்கம், கேபினுக்குப் பின்னால், தளத்துக்கு அடியில் சேஸில் ஒரு தகரப் பெட்டியைத் தொங்கவிட்டு அதில் பேட்டரி வைத்திருந்தார்கள். முதலில் அந்த லாரி பெட்ரோல் வண்டி. கேபின் தரையில் இடது கால் வைக்கும் இடத்தில் சின்ன பேட்டரிக்கு ஒரு குழி இருக்கும். டீசல் இன்ஜின் மாற்றியபோது பெரிய பேட்டரி தேவைப்பட்டது. அது குழியில் நுழையவில்லை. அதனால் யாரோ வெளியே தொங்கவிட்டார்கள்.

பாய் பெட்டியின் ஆங்கிளில் படிந்திருந்த மஞ்சள் பொருக்கை நகத்தால் சுரண்டினார். முகர்ந்து பார்த்தார். என்னிடமும் நீட்டினார்.

“இன்னா வாசனை?”

“மஞ்சள் பாய். சமையல் மஞ்சள்.”

ஏழுமலை சிரித்தார். “அது மஞ்சத் தண்ணி பாய். அம்மாவ கடல்ல முழுக்காட்டி வண்டியில ஏத்தினதும், வண்டிக்கும் தீர்த்தம் ஆட்டுவோம். கொடம் கொடமா கடல் தண்ணி, மஞ்சள் கலந்து, பலகை மேலயே ஊத்துவோம். தாத்தா காலத்து வழக்கம். அம்மா தனியா குளிச்சா வண்டி கோச்சுக்கும்னு சொல்லுவாரு.”

பாய் பலகைகளுக்கு இடையே இருந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு நேராக அதன் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தார். பெட்டிக்கு அடியில் ஓட்டை இல்லை. மேலே மூடியும் இல்லை. பக்கத்தில் இருந்த வாளியை எடுத்துப் பலகை மேல் தண்ணீர் ஊற்றச் சொன்னார். இடைவெளி வழியாக நேராகப் பெட்டிக்குள் விழுந்து, தொட்டி போல நிறைந்தது.

“பேட்டரி கடல் தண்ணியில கழுத்து வரைக்கும் நின்னிருக்கு. இந்த டெர்மினலுக்கும் அந்த டெர்மினலுக்கும் நடுவுல உப்புத் தண்ணி. வெளிய ஒரு விளக்கும் எரியாமலே கரண்டு முழுக்க ஓடிப் போயிருக்கும். ஊருக்கு இழுத்து வந்து சேர்றதுக்குள்ள தண்ணி தகரம் ஒட்டின தையல் வழியா ஒழுகிடும். பாக்கறவனுக்கு வெறும் செத்த பேட்டரிதான் தெரியும்.”

“அப்ப அடியில ரெண்டு ஓட்டை போட்டுட்டா?” என்றேன்.

“மேலேர்ந்து விழற பூ அடைச்சுக்கும்” என்றார் பாய்.

தீர்த்தம் ஆட்டுவதை நிறுத்தச் சொல்ல முடியுமா என்று அவர் கேட்கவே இல்லை. வண்டி செய்யும் வேலை அது. அந்த வேலைக்கு ஏற்றாற்போல பேட்டரி இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

இடம் தேட ஆரம்பித்தோம். கேபின் குழியைப் பெரிதாக்கலாம் என்றால் குறுக்குச் சட்டத்தை வெட்ட வேண்டும். வெட்டினால் அந்த வயதான கேபின் உட்கார்ந்துவிடும். டிரைவர் சீட்டுக்கு அடியைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. இருவருக்கும் ரவியின் பேண்ட் ஞாபகம் வந்தது. பானெட்டுக்குள் இடம் இருந்தது. ஆனால் நகரத்துக்குள் வந்ததும் லாரி ஆள் நடக்கும் வேகத்தில் மணிக்கணக்காக ஊரும். காற்றோட்டம் இல்லாமல் இன்ஜின் கொதிக்கும். பாய் அங்கே சணல் கயிற்றைக் கட்டி, மேட்டு வழியில் ஆள் நடக்கும் வேகத்தில் லாரியை ஊரவிட்டார். திரும்பி வந்தபோது கயிறு பழுப்பாகியிருந்தது. வலது சேஸில் டீசல் டேங்கும் சைலன்சரும். மேலே, கேபினுக்குப் பின்னால் தளத்தின் மீதே ஒரு மூலையில் வைத்தால் என்ன என்று நான்தான் கேட்டேன். தண்ணீர் மேலே தேங்காது, எட்டிப் பார்க்கவும் எளிது.

ஏழுமலை முகம் மாறிவிட்டது. “சாமி நிக்கிற பலகை மணிண்ணே. அதுல ஆசிட்டா? செருப்புக் காலோட ஒருத்தன் ஏறி பேட்டரிக்குத் தண்ணி ஊத்துவானா?”

“அவர் சொல்றது சரி” என்றார் பாய். “வேற பாரு.”

மிச்சமிருந்தது இடது பக்க ஏறுபடி. முன் மட்கார்டுக்கும் கேபின் கதவுக்கும் நடுவே அகலமான இடம். ஸ்டார்ட்டரும் இடது பக்கம்தான். கேபிள் குட்டையாக இருக்கும், வழியில் கரண்டு வீணாகாது. பலகைத் தண்ணீர் அங்கே வராது. காற்று படும். ஒரே சந்தேகம், விழா நாளில் இளவட்டங்கள் ஏறுபடியில் தொங்கிக்கொண்டு வருவார்கள்.

மண் பேட்டரியை அங்கே கட்டி விட்டுவிட்டு வந்தோம். அடுத்த ஞாயிறு போனபோது மரக்கட்டைகள் இரண்டும் நசுங்கியிருந்தன. தெருவில் உள்ள அத்தனை பேரும் அதன் மேல் ஏறி நின்றிருக்கிறார்கள். பாய்க்கு அதில் சந்தோஷம்தான். “பாத்தியா? ஏறாதேன்னு சொன்னா கேக்க மாட்டாங்க. மூணு பேர் ஏறி நின்னாலும் தாங்கற மாதிரி பண்ணு” என்றார்.

அப்படியே செய்தோம். கனமான தகட்டில் பெட்டி, அடியில் ரப்பர், நான்கு மூலையிலும் வடிகால். மேலே தட்டையான கெட்டி மூடி. சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து வரும் வாயு வெளியேற மூடியின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள். அந்த வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும் என்பதால் துளைகளை ஒன்றுக்கு இரண்டாகப் போடச் சொன்னார் பாய். ஏழுமலை பெட்டிக்கு லாரியின் நிறத்திலேயே நீலப் பெயின்ட் அடித்து, பூ வரைந்தார். பார்க்க அழகாக இருந்தது. அந்த அழகுதான் பிறகு வினையாயிற்று.

மாசி மகத்தன்று பாய் வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஊர் எல்லையில் லாரி புறப்படும்போது, வெள்ளைச் சட்டை, தொப்பியோடு நின்றிருந்தார். பெரியவர் ஒருவர், “வாங்க பாய், நீங்களும் சாமி பாக்க வந்துட்டீங்களா?” என்றார்.

“இல்லிங்க பெரியவரே, நான் பேட்டரிய பாக்க வந்தேன்.”

லாரி ராஜா மாதிரிதான் போயிற்று. பின்னால் காலி டிரெய்லரோடு கோதண்டத்தின் டிராக்டர். கேட்டால், ஊர்ச் சாமிக்குத் துணையாக வருகிறாராம். நான் என் ஸ்கூட்டரில் பாயை உட்காரவைத்துக்கொண்டு பக்கத்திலேயே போனேன். நகரத்துக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்தது. ஸ்கூட்டரைத் தெரிந்தவர் கடையில் விட்டுவிட்டு நடந்தோம். தெருமுனைக்குத் தெருமுனை நிறுத்தம். பெண்கள் தட்டோடு வந்து தீபாராதனை காட்டினார்கள்.

மூன்றாவது நிறுத்தத்தில் அதைப் பார்த்தேன். ஒரு அம்மா தீபாராதனை முடித்துவிட்டு, தேங்காய் உடைப்பதற்காக, எரியும் கற்பூரத்தோடு தட்டை எங்கே வைப்பது என்று சுற்றும் முற்றும் பார்த்தார். இடுப்பு உயரத்தில், தட்டையாக, நீலத்தில் பூ வரைந்த ஒரு மேடை. அதில் வைத்தார். எங்கள் பேட்டரிப் பெட்டி. தட்டின் விளிம்பு துளைகளின் மேல் இருந்தது. டைனமோ சார்ஜ் செய்துகொண்டிருந்தது.

நான் பாய்ந்து போய்த் தட்டை எடுத்தேன்.

“ஏய், எரியற சூடத்த எடுக்கறியே, அறிவிருக்கா? கொண்டா இங்க!”

“இதுல வைக்காதீங்கம்மா, இது பேட்டரி!”

“பேட்டரியாம். பூப்போட்டு வச்சிருக்கீங்க, பேட்டரியாம்!”

நான் அவருக்குப் பதில் சொல்வதற்குள் இன்னொருவர் அதே இடத்தில் அகல் விளக்கைக் கொண்டுவந்தார். ஏழுமலையிடம் மைக்கில் அறிவிக்கச் சொன்னேன். பம்பைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. மண் பேட்டரியை எத்தனை நாள் கட்டிவைத்தும் இது எங்களுக்குத் தெரியவில்லை. அந்த நாட்களில் சாமி இல்லை, தட்டு இல்லை. பெட்டியில் எழுதி ஒட்டலாமா, மேலே எதையாவது போட்டு மூடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மூடினால் துளை அடைபடும். அதன் பிறகு வாயு உள்ளேயே நிற்கும்.

பாய் ஒன்றும் யோசிக்கவில்லை. ஏறுபடியில் கால் வைத்து ஏறினார். பெட்டியின் நடுவில், ஓரத் துளைகளை மறைக்காமல், உட்கார்ந்தார். ஒரு கையால் கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“எடுடா வண்டிய” என்றார் ஏழுமலையிடம்.

இப்படித்தான் எங்கள் சூப்பர்வைசர் தலையில் தொப்பியோடு, அம்மனுக்கு முன்னால், மட்கார்டுக்கும் கதவுக்கும் நடுவே அமர்ந்து கடற்கரைக்குப் போனார். எதிரே வந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். கைப்பேசியில் படம் எடுத்தார்கள். பின்னாலிருந்து கோதண்டம் கத்தினார்.

“இன்னா பாய், ஸ்டெப்னியா ஒக்காந்துட்டீங்க? வண்டி மேல அவ்ளோ நம்பிக்கையா?”

“வண்டி மேல நம்பிக்கதான். ஜனங்க மேலதான் இல்ல” என்றார் பாய், திரும்பாமல்.

வழியில் ஒரு பள்ளிவாசலில் மாலை நேர அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. பாய் என்னைக் கூப்பிட்டு, “உக்காரு, வந்துட்டேன்” என்று இறங்கிப் போனார். நான் உட்கார்ந்தேன். மூடி சூடாக இருந்தது. இரண்டு தெரு தாண்டுவதற்குள் பாய் முகம் கழுவிய ஈரத்தோடு வந்து சேர்ந்துவிட்டார். அந்த அளவுக்குத்தான் லாரி நகர்ந்திருந்தது. மறுபடியும் அவர் இடம், அவர் ஏறினார்.

கடற்கரையில் வண்டிகளும் சாமிகளும் வரிசையாக நின்றன. எங்கள் லாரி நின்றதும் பூசாரி ஏழுமலையிடம், “வண்டிய அணை. பொகை அம்மா மேல வருது” என்றார்.

ஏழுமலை அணைக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பாயைப் பார்த்தார்.

“அணைச்சா எடுக்கலன்னா பாய்?”

“அணைக்காம இருந்தா எடுக்குதான்னு யாருக்குத் தெரியும்? இன்ஜின் கொதிச்சு நிக்கும். அணை.”

அவர் அணைத்தார். அந்த அமைதியில் அவர் கேபினைவிட்டு இறங்கிய விதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கதவை மெதுவாகச் சாத்தினார், தூங்கும் பிள்ளை பக்கத்திலிருந்து எழுந்து வருவதுபோல.

அம்மனைத் தோளில் இறக்கிக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். முழுக்காட்டி, ஈரப் பட்டோடு திரும்பக் கொண்டுவந்து ஏற்றினார்கள். பிறகு குடங்கள் வந்தன. மஞ்சள் கலந்த கடல் தண்ணீரைப் பலகை மேல் மாறி மாறி ஊற்றினார்கள். பாயும் நானும் மணலில் குந்திக்கொண்டு அடியில் பார்த்தோம். முன்பு பெட்டி தொங்கிய இடத்தில் தண்ணீர் மஞ்சளாகக் கொட்டி, மணலில் குழி பறித்தது. அங்கே இப்போது ஒன்றுமில்லை. ஏறுபடியில் ஒரு சொட்டுகூட இல்லை. பாய் விரலால் பெட்டியின் அடியைத் தடவி, விரலைக் காட்டினார். காய்ந்திருந்தது.

“ஏழுமலை, லைட்ட அணை, மைக்க அணை. எல்லாத்தையும் அணைச்சுட்டு எடு.”

தெருக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். கோதண்டம் டிராக்டரைவிட்டு இறங்கி வந்து முன் மட்கார்டுக்குப் பக்கத்தில் நின்றார். பம்பைக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஏழுமலை அம்மன் பக்கம் திரும்பி ஒருமுறை கும்பிட்டார். சாவியைத் திருப்பினார்.

செல்ஃப் இழுத்தது. நல்ல பேட்டரியின் சத்தம் எனக்குத் தெரியும். தயக்கம் இல்லாமல், ஒரே சீராக இழுக்கும். இன்ஜின் பிடித்தது. கறுப்புப் புகை ஒன்று வந்து கடற்காற்றில் கலைந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். ஏழுமலை ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

கோதண்டம் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஏழுமலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு உடம்பை நீட்டி இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

“ஏன்டா நிக்கிற? டிராக்டர உன் மச்சான் ஓட்டட்டும். ஏறு.”

“பரிவட்டத்தக் கட்டிக்கினு ரொம்பத்தான் ஆடாத” என்றார் கோதண்டம். சொல்லிக்கொண்டே ஏறினார். ஏறும்போது பெட்டியில் மிதிக்காமல், அதற்குள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்ட பாயைத் தாண்டிக் காலை எடுத்து வைத்தார்.

அடுத்த வாரமே பெட்டியின் மூடியை இரண்டு பக்கமும் சரியும்படி, கூரை மாதிரி மாற்றினோம். எந்தத் தட்டும் அதில் நிற்காது. பூவையும் அழித்து, வெறும் கறுப்பு அடித்தோம். அதன் பிறகு ஷெட்டில் நான் செய்த எந்தப் பேட்டரி மூடியும் தட்டையாக இருந்ததில்லை. பிரகாஷும் மற்றவர்களும் ஏன் என்று கேட்டதுண்டு, இதுதான் காரணம். ஏழுமலையின் லாரி இன்றும் மாசி மகத்துக்குப் போகிறது. அவர் மகன் ஓட்டுகிறான். பாய் ஓய்வு பெற்று, காரைக்காலில் மகள் வீட்டோடு இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். போனில் பேசினால் நான் கத்த வேண்டும். அவர் குரல் மட்டும் அப்படியே, உயராமல் இருக்கிறது.

ஆனால் அன்று திரும்பும்போது மூடி தட்டையாகத்தான் இருந்தது. அதனால் பாய் திரும்பும் வழியிலும் அதே இடத்தில் உட்கார்ந்தார். முதல் தெருமுனையில் ஒரு வயதான அம்மா கற்பூரத் தட்டோடு காத்திருந்தார். தீபாராதனை காட்டினார். தேங்காயை எடுக்க வேண்டும்; தட்டை வைக்க இடம் பார்த்தார். இருந்த ஒரே மேடையில் ஆள் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா ஒரு கணமும் தயங்கவில்லை.

“கொஞ்சம் புடிங்க பாய். ஒடைச்சுட்டு வந்துடறேன்.”

பாய் தட்டை வாங்கினார். பெட்டியிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் கையை வெளியே நீட்டி, கற்பூரம் எரிந்து முடியும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.